மோட்டார்மேனும் நானும் காட்டுக்குப் போனோம்

என் கணவர் முப்பத்து மூன்று வருடம் மும்பையில் லோக்கல் ரயில் ஓட்டினார். கல்யாணில் கிளம்பி வி.டி. போய்ச் சேர்வது, அங்கிருந்து திரும்புவது, மறுநாள் மறுபடியும் அதே பாதை. ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டால் ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதனாலோ என்னவோ, வீட்டிலும் அவருக்கு எல்லாம் நேரப்படிதான். இட்லி வெந்துகொண்டிருக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற இரண்டாவது வாரம், செம்பூர் வீட்டில் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "டைம்டேபிள் இல்லாம எங்கனயாச்சும் போகணும்."

"பண்டரிபுரம் போவோமா?" என்றேன்.

"கோயிலுக்கு அப்புறம் போவோம். காட்டப் பாக்கணும். வண்டியிலயே படுத்து எந்திரிக்கணும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பார்த்தால், ஒரு நோட்டில் ஏற்கெனவே வழியெல்லாம் எழுதி வைத்திருந்தார். எத்தனை மணிக்கு எங்கே என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து, அவருக்கு ஒரு வருடம் முன்பு ஓய்வு பெற்றவள். ஐந்தாம் வகுப்புக்குப் புவியியலும் நான்தான். கரும்பலகையில் சஹ்யாத்ரி மலைத்தொடரை வருடா வருடம் பழுப்புச் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். நான் நேரில் கண்டது புனே பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்த அளவுதான். அதனால் அவர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இருக்கவில்லை.

கோபர்கைரனேயில் கேட்டரிங் நடத்திய ஒருவரிடமிருந்து பழைய வேன் ஒன்றை வாங்கினார். எத்தனை முறை கழுவினாலும் உள்ளே சாம்பார் வாசனை போகவில்லை. தாராவியில் சீட்டும் பையும் தைக்கிற பட்டறை ஒன்று உண்டு. அதன் முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து பாய். வேனின் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, ரெண்டு பேரும் கால நீட்டிப் படுக்கணும். சாமான் வைக்க எடம் வேணும். அம்புட்டுதான?"

"அம்புட்டுதான் பாய். ஆனா காலைல எந்திரிச்சா மடக்கி வைக்கிற மாதிரி இருக்கணும்."

"மடக்கிருவோம். அக்காவுக்கு முதுகு வலி உண்டா?"

எனக்கு முதுகு வலி உண்டு என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ஒரு பக்கத்து மெத்தையை மட்டும் கெட்டியாக, தேங்காய் நார் வைத்துத் தைத்துக் கொடுத்தார். ரெக்சின் உறை பச்சை நிறம். காட்டுக்குப் போகிறீர்கள், பச்சைதான் பொருத்தம் என்றார்.

மகள் நெருளில் இருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் போனிலேயே சண்டை. "அம்மா, அப்பாக்கு பிபி இருக்கு. தோடா தோ சோச்சோ, கொஞ்சமாச்சும் யோசிங்க. நான் நல்ல ரிசார்ட்டா புக் பண்றேனே, ஏசி ரூம்." அவள் அப்பா போனை வாங்கி, "ஏசி ரூம்ல காடு இருக்காதும்மா" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் ஒரு மருந்துப் பெட்டி தயார் செய்து கொண்டுவந்து தந்தாள். பாம்புக்கடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து மூடியின் உள்ளே ஒட்டியிருந்தாள்.

கிங்ஸ் சர்க்கிளில் காப்பிப்பொடியும் பருப்புப்பொடியும் வற்றலும் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் நடுவில், மழை முழுதாக விடாத ஒரு காலையில் கிளம்பினோம்.

முதல் இரண்டு மணி நேரம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் நேராகச் சாலையில். அவர் வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான், முன்னால் ஓடும் தண்டவாளத்தைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது. கசாரா மலைப்பாதை ஏறும்போது, "வலது பக்கம் பாருங்க, அருவி" என்றேன். "நீ பாத்துச் சொல்லு" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்திவிட்டு, கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த அருவியைப் பார்த்தார்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்திருக்கேன்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

பண்டார்தராவில் ஏரிக்கரையை ஒட்டி ஊர்க்காரர்கள் தங்கள் வயலோரத்தில் கூடாரம் போட இடம் தருகிறார்கள். நாங்கள் தங்கிய இடத்தை ஒரு பெண் நடத்தினாள். நாற்பது வயதிருக்கும், மராத்தி மட்டும் பேசுவாள். என் கணவர் கூடாரத்தோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒன்றரை மணி நேரம் கூடாரம் அடித்தார். அடித்து முடித்த கால் மணியில் காற்று அதைத் தூக்கி எலுமிச்சைச் செடியின் மேல் போட்டது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் வேனிலேயே படுத்தோம். இரவு முழுவதும் தகரக் கூரையில் மழை.

காலையில் கதவைத் தள்ளித் திறந்தேன். மழை நின்றிருந்தது. முந்தின நாள் மேகத்துக்குள் மறைந்திருந்த மலை எதிரே நின்றது. அது பச்சையாக இல்லை. அடியிலிருந்து பாதி உயரம் வரை ஊதா. நிழலாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். வெயில் ஏற ஏற ஊதாவும் ஏறியது.

"ஏங்க, எந்திரிங்க."

அவர் பனியனோடு வெளியே வந்து பல் தேய்க்காமல் நின்றார்.

கார்வி என்று அந்தப் பெண் சொன்னாள். எட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், மலை முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும், பூத்து விதை விட்டதும் செடி செத்துப்போகும். அதன் தண்டில்தான் அவர்கள் வீட்டுச் சுவரைக் கட்டுகிறார்கள். சாணம் மெழுகிய தன் வீட்டுச் சுவரைத் தட்டிக் காட்டினாள். போன தடவை பூத்தபோது அவளுடைய சின்ன மகன் வயிற்றில் இருந்தானாம்.

நாங்கள் சரிவில் ஏறிப் போனோம். செடிகள் என் தலைக்கு மேல் இருந்தன. உள்ளே போனதும் ஒரு சத்தம். எங்கும் ஒரே அளவில், நிற்காமல். "சப்ஸ்டேஷன் பக்கத்துல நின்னா கேக்கும்லா, அந்தச் சத்தம்" என்றார் கணவர். தேனீக்கள். எங்கள் முகத்தைச் சுற்றி, கைமேல், சேலைமேல், எங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தன. எனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியாது.

கீழே இறங்கியதும் அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். உங்கள் மும்பையிலும் இருக்கிறதே, போரிவிலி காட்டில், அங்கேயும் பூக்குமே, பார்த்ததில்லையா? நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் பிறந்ததே மாட்டுங்காவில். நான் ரேஷன் வரிசையில் நின்ற வருடங்களில், மகள் பத்தாம் வகுப்பு எழுதிய வருடத்தில், லோக்கலில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் மலை ஊதாவாக இருந்திருக்கிறது.

"அடுத்த வாட்டி பூக்கும்போது எனக்கு அறுபத்தெட்டு" என்றார்.

"எனக்கு அறுபத்தேழு."

ஒரு ராத்திரிக்கு என்று நினைத்த இடத்தில் ஐந்து நாள் இருந்தோம்.

அங்கிருந்து லோணார் போக இரண்டு நாள் போதும். நாங்கள் நான்கு நாள் எடுத்துக்கொண்டோம். அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டின. "போகட்டும், ஆராம்சே, நமக்கென்ன அவசரம்" என்பார். சோயா வயலோரம் ஒரு பெரிய ஆலமரத்தைப் பார்த்தால் நிறுத்துவார். அடுப்பைப் பற்றவைத்து நான் காப்பி போடுவேன். இரண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து குடிப்போம். வேலை பார்த்த காலத்தில் எங்கள் இருவருக்கும் சேர்ந்து காப்பி குடிக்க நேரம் வாய்த்ததில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வரும்போது நான் பள்ளிக்குக் கிளம்பியிருப்பேன்.

லோணார் என்பது வானத்திலிருந்து விழுந்த கல் ஒன்று தோண்டிய பள்ளம். இதை நான் வகுப்பில் ஒரு வரியில் சொல்லித் தாண்டியிருக்கிறேன். விளிம்பில் போய் நின்றபோதுதான் அந்த ஒரு வரி என்னவென்று தெரிந்தது. சமதரையில் வந்துகொண்டே இருக்கிறோம், சோளக்காடு, டீக்கடை, ஸ்கூட்டர். திடீரென்று தரை இல்லை. கீழே வட்டமாக ஒரு காடு, காட்டுக்குள் வட்டமாக ஒரு ஏரி. எதிர்க்கரை மரங்கள் கொத்தமல்லித் தழை மாதிரி தெரிந்தன. யாரோ காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற விளிம்பு. என் கணவர் எப்போதும் அளவு கேட்கிறவர், எத்தனை மீட்டர், எத்தனை டன் என்று. அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கையால் பிசைந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு படிகளில் இறங்கினோம். பாட்டில் தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கையைச் சரியாகக் கழுவவில்லை. விரலெல்லாம் மஞ்சள். கீழே மயில்களும் கருமுகக் குரங்குகளும் இடிந்த கற்கோயில்களும். ஏரித் தண்ணீர் பாசிப் பச்சையாக, முட்டை வாசனையோடு இருந்தது. ஓரத்தில் குனிந்து கையை விட்டேன். வெளியே எடுத்தேன்.

"ஏட்டி, கையில என்ன ரத்தம்?" என்று ஓடி வந்தார்.

என் விரல்கள் சிவந்திருந்தன. எனக்கு வலி ஒன்றும் இல்லை. விரல் விரலாக விரித்துப் பார்த்தோம், வெட்டு இல்லை, கீறல் இல்லை. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அதைத் திரும்பத் தண்ணீரில் நனைத்தேன். கண்ணெதிரே சிவந்தது.

"ஆரத்திங்க" என்றேன்.

"என்னது?"

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கும்லா? இங்க சுண்ணாம்பே வேண்டாம். இந்தத் தண்ணியே அப்படித்தான் இருக்கு."

அவர் நம்பவில்லை. சாதத் தூக்கின் மூடியில் ஏரித் தண்ணீர் மொண்டு, சாதத்தில் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் வழித்து அதில் கரைத்தேன். மூடி நிறைய ஆரத்தி. மகள் பிரசவமாகி வீட்டுக்கு வந்தபோது வாசலில் நான் சுற்றிய அதே நிறம். வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனிதர்களின் கணக்குக்கே எட்டாத ஒரு காலத்தில் வானத்திலிருந்து ஏதோ விழுந்தது. பள்ளமானது. மழை நிறைந்தது. வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் இப்படி மாறியது. அது அத்தனை காலம் கழித்து என் அஞ்சறைப்பெட்டி மஞ்சளுக்குப் பதில் சொல்கிறது. கோயில்களில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது நானும் போட்டுக்கொள்வேன், உள்ளே ஒன்றும் நடக்காது. இங்கே நடந்தது.

மேலே ஏறும்போது மூச்சு வாங்கியது. படிக்குப் படி நின்றோம். அவர் பையை வாங்கிக்கொண்டார், பிபி மாத்திரை போட்டீங்களா என்று நான் கேட்டேன், போடவில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் மேல்காட் போய்ச் சேர்ந்தோம். விதர்பாவின் வடக்கு ஓரத்தில், மத்தியப் பிரதேசத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மலைக்காடு. மழைக்காலத்துக்காக மூடியிருந்த உள்காடு அப்போதுதான் திறந்திருந்தது. சிக்கல்தராவில் இரண்டு நாள் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் காலை காட்டுக்குள் இருக்கும் ஒரு தங்குமிடத்துக்குக் கிளம்பினோம். தேக்குக்காடு வழியாகப் பொதுச்சாலை. பனிமூட்டம். ஹெட்லைட் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனோம்.

ஒரு வளைவு திரும்பியதும் அவர் பிரேக் போட்டார். பின்னால் பாத்திரங்கள் உருண்டன. முன்னால் சாலையின் குறுக்கே கறுப்பாக ஏதோ. விழுந்துகிடக்கும் பாறை என்றுதான் நினைத்தேன். பாறை தலையைத் திருப்பியது.

காட்டெருமை. எங்கள் வேனின் உயரத்துக்கு மேல் அதன் முதுகு. திமில் மாதிரி ஒரு மேடு, கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை. கால்கள் மட்டும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்ஸ் போட்ட மாதிரி. எங்களுக்கும் அதற்கும் நடுவே ஆறேழு அடிதான். மூக்கிலிருந்து ஆவி வந்தது. அவருடைய வலது கை ஹாரனுக்குப் போனதைப் பார்த்தேன். அது பழக்கம். தொடுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தினார்.

அது எங்களைப் பார்த்தது. அப்புறம் எங்களை விட்டுவிட்டுக் காட்டைப் பார்த்தது. இடது பக்கத்து மூங்கிலுக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை வந்தன. அத்தனை பெரிய உடம்புகள், காய்ந்த இலை நொறுங்கும் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கன்று. செம்மண் நிறம். நடுச்சாலையில் நின்று, முன்னங்கால்களை அகட்டிக்கொண்டு எங்கள் கண்ணாடியையே பார்த்தது. அதன் தாய் திரும்பி வந்து மூக்கால் அதன் பின்பக்கத்தைத் தள்ளியது. அது போனது. பெரியது எல்லோருக்கும் கடைசியாக இறங்கியது. மூங்கில் அசைந்து, அசைவு நின்றது.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"நிறுத்த முடிஞ்சிச்சு" என்றார்.

நான் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அங்க முடியாது பாத்துக்க. தண்டவாளத்துல ஆள் நின்னா, எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் வண்டி போய்க்கிட்டேதான் இருக்கும். ஹாரன் அடிக்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு. கண்ண மூடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. மூடவும் முடியாது. அவங்க நம்மளப் பாப்பாங்க."

எனக்கு அந்த நாட்கள் தெரியும். வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போவார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வெளியே வந்து சோறு வேண்டாம் என்பார். இரண்டொரு நாளில் மறுபடியும் டூட்டிக்குப் போய்விடுவார். என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நான் செய்யக்கூடிய உதவி என்று நினைத்திருந்தேன். அது சரிதானா என்று அன்று அந்த வேனுக்குள் முதல்முறையாக யோசித்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். ஒவ்வொருவராகச் சொன்னார். எந்த ஸ்டேஷன் தாண்டி, காலையா சாயங்காலமா, என்ன நிறச் சட்டை. காதில் இயர்போன் மாட்டியிருந்த ஒரு பையன். கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா. எல்லாரையும் நினைவு வைத்திருந்தார். பனி விலகி வெயில் வரும்வரை சொன்னார். நடுவில் ஒரு காட்டிலாகா ஜீப் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், சும்மா நிற்கிறோம் என்று சொன்னேன். அவர் முடித்ததும் நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப்போயிருந்தது. குடித்தார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில நாள் அவர் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறார். ஆனால் என்ன என்று இப்போது நான் கேட்கிறேன், அவர் சொல்கிறார்.

காட்டுக்குள் இருந்த தங்குமிடத்தில் இரண்டு அறை, ஒரு சமையல் கொட்டகை, வேன் நிறுத்த ஒரு இலுப்பை மரத்தடி. வழிகாட்டியாக வந்தவள் பக்கத்து ஊர்க் கோர்க்குப் பழங்குடிப் பெண், முப்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையும் ரப்பர் செருப்பும். எங்களோடு இந்தியில் பேசினாள். ஓடையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம், தங்குமிடத்தை ஒட்டிய பாதை, அதற்கு அனுமதி உண்டு என்று அழைத்துப் போனாள். மறுநாள் காலை எட்டு மணி. முந்தின இரவு பெய்த தூறலில் பாதை மாவு மாதிரி மெத்தென்று இருந்தது. பறவைகளின் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். என் கணவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஓடை வரை போய், தண்ணீரில் காலை நனைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினோம். மொத்தம் முக்கால் மணி நேரம்கூட இருக்காது.

பாதி வழியில் அவள் நின்றாள். கையை மட்டும் பின்பக்கமாக நீட்டி எங்களை நிறுத்தினாள். எங்கேயோ ஒரு கடமான் ஒருமுறை கத்தியது. பிறகு எதுவும் இல்லை. அதுவரை இடைவிடாமல் இருந்த பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் குனிந்து தரையைக் காட்டினாள்.

போகும்போது நாங்கள் பதித்த காலடிகள் அங்கே இருந்தன. அவர் ஷூவின் கட்டம் போட்ட அச்சு, பக்கத்தில் என் செருப்பின் கோடுகள். என் செருப்புத் தடத்தின் மேல், அதைப் பாதி அழித்துக்கொண்டு, இன்னொரு தடம். நான்கு விரலும் ஒரு உள்ளங்காலும். என் உள்ளங்கையைவிட அகலம். ஓரத்து மண் இன்னும் இடிந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

"அபி" என்றாள் அந்தப் பெண், மூச்சு அளவில். இப்போதுதான்.

புலி எங்கள் பின்னால் நடந்து வந்திருக்கிறது. நாங்கள் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு சிரித்துப் பேசியதைக் கேட்டிருக்கிறது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு பாதையை விட்டு இறங்கிப் போயிருக்கிறது. தடங்கள் ஏழெட்டு அடிக்குப் பிறகு இடது பக்கம் திரும்பிப் புல்லுக்குள் போயின. புல் அசையவில்லை. அங்கே நிற்கிறதா, போய்விட்டதா, தெரியவில்லை.

எனக்கு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. மண்டியிட வேண்டும் என்று தோன்றியது. என் கணவர் என் கையைப் பிடித்தார். கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் வெளியிடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"இருக்கா?" என்று கேட்டேன், உதட்டை மட்டும் அசைத்து.

"தெரியல" என்றார். "நம்மளப் பாத்துட்டுப் போயிருக்கு."

வழிகாட்டிப் பெண் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு பறவை குரல் கொடுத்தது, இன்னொன்று பதில் கொடுத்தது. அவள் தலையசைத்தாள். அந்தத் தடங்களை மிதிக்காமல், பாதையின் ஓரமாக ஒருவர் பின் ஒருவராக நாங்கள் நடந்தோம்.